ஃபவாத் மிர்சா: டோக்கியோ இறுதிச் சுற்று வரை சென்ற பெங்களூரு குதிரையேற்ற வீரரின் பயணம்

தொம்மலூர் (பெங்களூரு):

ஒலிம்பிக் போட்டியின் ஈவென்டிங் என்னும் மூன்று நாள் குதிரையேற்றப் பிரிவில் தனிநபர் இறுதிச் சுற்றை எட்டிய முதல் இந்தியர் பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா. 2018-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள், 2019-இல் அர்ஜுனா விருது, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆவது இடம் ஆகியவை அவரது பயணத்தின் முக்கிய மைல்கற்கள்.

பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் வேரூன்றிய இந்த விளையாட்டில் ஓர் இந்தியர் உலகத் தரத்தை எட்டுவதற்குத் திறமை மட்டும் போதுமானதாக இல்லை. போட்டிக்குத் தகுந்த குதிரை, அதை வாங்கிப் பராமரிக்கும் புரவலர், ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயிலும் வாய்ப்பு ஆகியவையும் ஒருசேர அமைய வேண்டியிருந்தது. மிர்சாவுக்கு அவை அமைந்தன. அடுத்து வரும் இந்திய வீரர்களுக்கு அவை அமையுமா என்பதே இப்போதைய கேள்வி.

மூன்று நாள் போட்டி என்பது என்ன?

ஈவென்டிங் போட்டியின் தொடக்கம் ராணுவத்தில் உள்ளது. போர்க்குதிரை கட்டளைக்குக் கீழ்ப்படிகிறதா, கரடுமுரடான நிலத்தில் விரைந்து ஓடுகிறதா, களைத்த பின்னும் மறுநாள் பணிக்குத் தயாராக நிற்கிறதா என்பதைச் சோதிப்பதற்காக உருவான தேர்வு இது. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இது அறிமுகமானபோது ராணுவ அதிகாரிகள் மட்டுமே பங்கேற்றனர். 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் லானா டுபான்ட் களமிறங்கி, இப்பிரிவில் பங்கேற்ற முதல் பெண் ஆனார். இன்று ஆண், பெண் என்ற பிரிவினையின்றி அனைவரும் ஒரே போட்டியில் மோதுகின்றனர்.

போட்டி மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலாவது டிரஸ்ஸாஜ். வரையறுக்கப்பட்ட மைதானத்தில், முன்கூட்டியே விதிக்கப்பட்ட வரிசைப்படி குதிரை நடந்தும் ஓடியும் திரும்பியும் காட்ட வேண்டும். வீரரின் குறிப்பைக் குதிரை எவ்வளவு அமைதியாகவும் துல்லியமாகவும் ஏற்கிறது என்பதற்கு நடுவர்கள் மதிப்பெண் வழங்குவர். பெற்ற சதவீதத்தை நூறிலிருந்து கழித்தால் கிடைப்பது அபராதப் புள்ளி. 72 சதவீதம் பெற்றவர் 28 அபராதப் புள்ளிகளுடன் அடுத்த கட்டத்துக்குச் செல்வார்.

இரண்டாவது கிராஸ் கன்ட்ரி. மரக்கட்டைகள், பள்ளங்கள், நீர்நிலைகள், சரிவுகள் ஆகியவற்றைக் கடந்து நான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை நிர்ணயிக்கப்பட்ட நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 புள்ளி அபராதம். ஒரு தடையைத் தாண்டக் குதிரை முதல்முறை மறுத்தால் 20 புள்ளிகள் அபராதம். வீரர் கீழே விழுந்தால் போட்டியிலிருந்து வெளியேற்றப்படுவார்.

மூன்றாவது கட்டம் தடை தாண்டல். முந்தைய நாள் முழு வேகத்தில் ஓடிய குதிரை, இப்போது நிதானமாக, கம்பங்களைத் தட்டிவிடாமல் தாண்ட வேண்டும். விழும் ஒவ்வொரு கம்பத்துக்கும் 4 புள்ளிகள் அபராதம். மூன்று கட்டங்களின் முடிவில் யாருடைய அபராதம் மிகக் குறைவோ அவரே வெற்றியாளர்.

போட்டி தொடங்கும் முன்பும், தடை தாண்டலுக்கு முன்பும் நடுவர்களும் கால்நடை மருத்துவரும் குதிரையை ஓடவிட்டுப் பரிசோதிப்பர். சிறிதளவு நொண்டல் தென்பட்டாலும் குதிரை விலக்கப்படலாம். வீரர் எவ்வளவு தயாராக இருந்தாலும், அவரது பல ஆண்டு உழைப்பு அந்த நேரத்தில் குதிரையின் நான்கு கால்களை நம்பியே நிற்கிறது.

குதிரை வணிகத்தில் தொடங்கிய குடும்பம்

ஃபவாத் மிர்சா 1992-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி பெங்களூருவில் பிறந்தார். தந்தை ஹஸ்னைன் மிர்சா குதிரைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர். சிறுவயதிலேயே ஃபவாத் குதிரையேறப் பழகினார்.

அவரது குடும்பத்துக்கும் குதிரைகளுக்கும் உள்ள தொடர்பு சுமார் இருநூறு ஆண்டு பழமையானது. பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து 1824-ஆம் ஆண்டு வாக்கில் குதிரைகளுடன் பெங்களூரு வந்து சேர்ந்த ஆகா அலி அஸ்கர் இந்தக் குடும்பத்தின் முன்னோர். ஆங்கிலேயருக்கும் மைசூரு அரசுக்கும் குதிரைகளை வழங்கிய அவர், பின்னர் இந்நகரில் பல மாளிகைகளையும் கட்டினார். பெங்களூருவின் அலி அஸ்கர் சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1926 முதல் 1941 வரை மைசூரு சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயில், அலி அஸ்கரின் பேரன்.

தென்னிந்தியாவுக்குத் தரமான குதிரைகள் கடல் கடந்தே வந்தன என்பது தமிழர்களுக்குப் புதிய செய்தி அன்று. பாண்டிய மன்னனுக்காகக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையைத் திருவிளையாடல் புராணம் கூறுகிறது. குதிரைக்காக வெளிநாட்டை எதிர்நோக்கும் அந்த நிலை, விளையாட்டுக் களத்தில் இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை என்பதை மிர்சாவின் பயணம் காட்டுகிறது.

1982: உள்நாட்டில் கிடைத்த தங்கம்

ஆசிய விளையாட்டுப் போட்டியில் குதிரையேற்றம் முதன்முறையாக இடம்பெற்றது 1982-ஆம் ஆண்டு டெல்லியில். அந்த அறிமுகத்தில் இந்தியாவே ஆதிக்கம் செலுத்தியது. ஈவென்டிங் தனிநபர் பிரிவில் 61-ஆவது குதிரைப்படையைச் சேர்ந்த ரகுபீர் சிங் தங்கமும், குலாம் முகமது கான் வெள்ளியும், பிரகலாத் சிங் வெண்கலமும் வென்றனர். குழுப் பிரிவிலும் இந்தியாவுக்கே தங்கம். ரகுபீர் சிங்குக்கு அர்ஜுனா விருதும் பின்னர் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன.

அப்போது போட்டி இந்திய மண்ணில், ராணுவத்தில் பயின்ற வீரர்களைக் கொண்டு நடந்தது. அதன் பின்னர் நிலைமை மாறியது. போட்டிகள் வெளிநாடுகளில் நடந்தன. பிற ஆசிய நாடுகள் ஐரோப்பாவில் குதிரைகளை வாங்கி, அங்கேயே வீரர்களைப் பயிற்றுவித்தன. குழுப் பிரிவில் இந்தியாவுக்கு அவ்வப்போது வெண்கலம் கிடைத்தாலும், தனிநபர் பதக்கம் 36 ஆண்டுகள் எட்டாக்கனியாகவே இருந்தது.

ஒலிம்பிக்கிலும் இந்தியாவின் இருப்பு மிகக் குறைவு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய அணி பங்கேற்றது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்திரஜித் லம்பாவும், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இம்தியாஸ் அனீஸும் ஈவென்டிங் பிரிவில் தனி வீரர்களாகக் களமிறங்கினர். அதன் பின்னர் இருபது ஆண்டுகள் ஒலிம்பிக் குதிரையேற்றக் களத்தில் இந்தியர் எவரும் இல்லை.

பெங்களூருவின் இரு முகங்கள்

இந்தியக் குதிரையேற்றத்தின் பழைய முகத்தையும் புதிய முகத்தையும் பெங்களூருவின் தொம்மலூர் வட்டாரத்தில் அருகருகே காணலாம். தொம்மலூரை அடுத்த அகரம் பகுதியில் ராணுவ சேவைப் படைப் பிரிவின் பயிற்சி மையம் உள்ளது. மலைப்பகுதிகளில் கோவேறு கழுதைகள் மூலம் படைகளுக்குப் பொருள் கொண்டு சேர்க்கும் பொறுப்பை வகிக்கும் இந்தப் பிரிவு, குதிரையேற்ற விளையாட்டிலும் வீரர்களை உருவாக்கி வருகிறது. நாடு முழுவதும் இவ்விளையாட்டை நெடுங்காலம் தாங்கி நின்றது இத்தகைய ராணுவ அமைப்புகளே.

மறுபுறம், தொம்மலூரிலிருந்து கோரமங்களா செல்லும் உள்வட்டச் சாலையில் உள்ளது எம்பசி கோல்ஃப்லிங்ஸ் தொழில்நுட்பப் பூங்கா. இதை உருவாக்கிய எம்பசி குழுமத்தின் தலைவர் ஜீத்து விர்வானி, 1996-ஆம் ஆண்டு நகரின் வடபகுதியில் எம்பசி சர்வதேச குதிரையேற்றப் பள்ளியை நிறுவினார். தகவல் தொழில்நுட்ப வளர்ச்சியால் கட்டுமானத் துறையில் பெருகிய செல்வத்தின் ஒரு பகுதி குதிரை லாயங்களுக்குச் சென்றது. ஃபவாத் மிர்சாவுக்குக் குதிரைகளும் வெளிநாட்டுப் பயிற்சியும் கிடைத்தது இந்தக் குழுமத்தின் ஆதரவால்தான்.

ராணுவத்தைச் சாராத ஒரு வீரர் உலகத் தரப் போட்டிகளில் நிலைத்து நிற்க இத்தகைய தனியார் ஆதரவு இன்றியமையாததாகிறது. ஓட்டப்பந்தய வீரர் தமது காலணியைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறலாம். குதிரையேற்ற வீரரோ குதிரை, பராமரிப்பாளர், லாடம் கட்டுபவர், கால்நடை மருத்துவர், தீவனம், பிரத்யேக வாகனம் என ஒரு முழு அமைப்பையே உடன் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது. குதிரை காயமடைந்து பல மாதங்கள் ஓய்வில் இருந்தாலும் இந்தச் செலவு நிற்பதில்லை.

ஜெர்மனியில் பயிற்சி

2014-ஆம் ஆண்டு தென்கொரியாவின் இன்சியோன் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மிர்சா இந்தியாவைப் பிரதிநிதித்துவப்படுத்தினார். தொடர்ந்து ஜெர்மனியில் தங்கிப் பயிற்சி பெற்றார். அங்கு அவரது முதல் முக்கியப் பயிற்சியாளர் பெட்டினா ஹோய்.

ஒரு சிறு பிழையின் விலை என்ன என்பதை ஹோயைவிட நன்கு அறிந்தவர் இத்துறையில் அரிது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தடை தாண்டல் சுற்றின்போது அவர் தொடக்கக் கோட்டை இருமுறை கடந்தார். அதற்கான நேர அபராதம் குறித்து எழுந்த மேல்முறையீடுகள் விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்றன. இறுதியில் ஜெர்மனியின் குழுத் தங்கம் பிரான்ஸுக்கும், ஹோயின் தனிநபர் தங்கம் பிரிட்டன் வீரர் லெஸ்லி லாவுக்கும் சென்றன.

ஹோய் ஏறிப் போட்டியிட்ட செனியர் மெடிகாட் என்ற குதிரையே பின்னர் மிர்சாவிடம் வந்தது. 'மிக்கி' என்று செல்லமாக அழைக்கப்படும் இக்குதிரை அனுபவம் மிக்கது. ஹோய்க்குப் பின்னர் மிர்சா, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் குழுத் தங்கமும் தனிநபர் வெண்கலமும், 2014-இல் உலக சாம்பியன் பட்டமும் வென்ற சாண்ட்ரா ஔஃபார்த்திடம் பயிற்சி பெற்றார்.

ஐரோப்பாவில் தங்குவதன் அவசியம் பயிற்சியோடு முடிவதில்லை. ஒலிம்பிக் தகுதிக்கான புள்ளிகள் தரும் உயர்நிலைப் போட்டிகள் பெரும்பாலும் அங்கேயே நடைபெறுகின்றன. ஜெர்மனியில் லாயம் வைத்திருப்பவர் சாலை வழியாகவே போலந்துக்கோ பிரான்ஸுக்கோ குதிரையைக் கொண்டுசெல்ல முடியும். இந்தியாவிலிருந்து குதிரையை அனுப்புவதில் விமானச் செலவு, நோய்த் தடுப்புக் கட்டுப்பாடுகள் எனப் பல தடைகள் உள்ளன.

ஜகார்த்தா: ஒரு கம்பத்தில் நழுவிய தங்கம்

2018 ஆகஸ்ட் மாதம் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மிர்சா, செனியர் மெடிகாட் குதிரையுடன் களமிறங்கினார். டிரஸ்ஸாஜ் சுற்றில் 22.40 அபராதப் புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தார். கிராஸ் கன்ட்ரி சுற்றில் கூடுதல் அபராதம் எதுவும் பெறாமல் முன்னிலையைத் தக்கவைத்தார். ஜப்பானின் யோஷியாகி ஓய்வா 22.70 புள்ளிகளுடன் நெருங்கி நின்றார்.

ஆகஸ்ட் 26 அன்று நடந்த தடை தாண்டல் சுற்றில் மிர்சாவுக்கு 4 புள்ளிகள் அபராதமாகச் சேர்ந்தன. அது ஒரே ஒரு கம்பத்தின் மதிப்பு. மொத்தம் 26.40 புள்ளிகள். பிழையின்றி முடித்த ஓய்வா அதே 22.70 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். மிர்சாவுக்கு வெள்ளியும், 27.10 புள்ளிகள் பெற்ற சீனாவின் ஹுவா தியானுக்கு வெண்கலமும் கிடைத்தன.

குழுப் பிரிவில் மிர்சா, ராகேஷ் குமார், ஆஷிஷ் மாலிக், ஜிதேந்தர் சிங் ஆகியோர் அடங்கிய இந்திய அணி 121.30 புள்ளிகளுடன் வெள்ளி வென்றது. ஜப்பான் 82.40 புள்ளிகளுடன் தங்கமும், தாய்லாந்து 126.70 புள்ளிகளுடன் வெண்கலமும் பெற்றன. 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் மிர்சாவுடையது. மறுஆண்டு அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

ஒலிம்பிக் இடத்துக்கு நான்கு குதிரைகள்

ஜகார்த்தா வெற்றிக்குப் பின்னர் செனியர் மெடிகாட் காயமடைந்து நீண்டகாலம் களத்துக்கு வெளியே இருக்க நேர்ந்தது. ஒலிம்பிக் தகுதிக்கான காலமோ ஓடிக்கொண்டிருந்தது. இந்நிலையில் மிர்சா ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம், டச்சிங்வுட் ஆகிய வேறு இரு குதிரைகளுடன் ஐரோப்பியப் போட்டிகளில் பங்கேற்றார். முதல் குதிரையில் 34 புள்ளிகளும் இரண்டாவதில் 30 புள்ளிகளும் என மொத்தம் 64 புள்ளிகள் சேர்த்து, தென்கிழக்கு ஆசியா மற்றும் ஓசியானியா நாடுகளுக்கான 'ஜி' பிரிவுத் தரவரிசையில் 2019 இறுதியில் முதலிடம் பிடித்தார். அதன்மூலம் இந்தியாவுக்கு ஒலிம்பிக் இடம் உறுதியானது.

எனினும் இடம் கிடைப்பது ஒன்று, களமிறங்கும் தகுதி பெறுவது மற்றொன்று. வீரரும் அவர் ஏறவிருக்கும் குறிப்பிட்ட குதிரையும் இணைந்து, சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு வகுத்துள்ள குறைந்தபட்சத் தகுதியை உயர்நிலைப் போட்டிகளில் எட்ட வேண்டும். ஒரு குதிரையுடன் பெற்ற தகுதியை மற்றொரு குதிரைக்கு மாற்ற இயலாது. பாதுகாப்பு கருதியே இந்த விதி வகுக்கப்பட்டுள்ளது.

கரோனா பெருந்தொற்றால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. பலருக்கு இழப்பாக அமைந்த அந்த இடைவெளி, செனியர் மெடிகாட் மீண்டு வர அவகாசம் அளித்தது. 2021 மே மாத இறுதியில் போலந்தின் பாபோரூவ்கோ நகரில் நடந்த போட்டியில் மிர்சா தகுதித் தேவைகளை நிறைவு செய்தார். டோக்கியோவுக்கு முதலில் தேஜாரா 4 என்ற பெண் குதிரையே தேர்வு செய்யப்பட்டது. போட்டி நெருங்கிய நிலையில் அந்த முடிவு மாற்றப்பட்டு, செனியர் மெடிகாட்டே ஒலிம்பிக்குக்குச் சென்றது.

ஒலிம்பிக் இடம் கிடைத்தது இரு குதிரைகளால், முதலில் தேர்வானது மூன்றாவது, களமிறங்கியது நான்காவது. ஒரே குதிரையை மட்டும் நம்பியிருந்தால் காயம் ஏற்பட்ட அன்றே இந்தியாவின் ஒலிம்பிக் கனவு கலைந்திருக்கும்.

டோக்கியோவில் நான்கு நாட்கள்

'மூன்று நாள் போட்டி' என அழைக்கப்பட்டாலும், வீரர்களின் எண்ணிக்கை காரணமாக டிரஸ்ஸாஜ் மட்டுமே ஜூலை 30, 31 என இரண்டு நாட்கள் நடந்தது. மிர்சா 28.00 அபராதப் புள்ளிகளுடன் ஒன்பதாவது இடத்தில் நின்றார். உலகின் முன்னணி வீரர்கள் பலர் அவருக்குப் பின்னால் இருந்தனர்.

ஆகஸ்ட் 1 அன்று கிராஸ் கன்ட்ரி சுற்று டோக்கியோ விரிகுடாவில் உள்ள சீ ஃபாரஸ்ட் களத்தில் நடந்தது. கோடை வெப்பத்தைக் கருதி போட்டி காலையிலேயே தொடங்கப்பட்டது. ஓடி முடித்த குதிரைகள் பனிக்கட்டி நீரால் குளிர்விக்கப்பட்டன. செனியர் மெடிகாட் தடைகள் அனைத்தையும் தாண்டியது. ஆனால் நிர்ணயிக்கப்பட்ட நேரத்தைவிட 28 விநாடிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டதால் 11.20 புள்ளிகள் அபராதமாகச் சேர்ந்தன. மொத்தம் 39.20 புள்ளிகளுடன் மிர்சா 22-ஆவது இடத்துக்கு இறங்கினார்.

அன்றைய போட்டியில் ஸ்விட்சர்லாந்து வீரர் ராபின் கோடெலின் ஜெட் செட் என்ற குதிரை காலில் கடுமையான காயமடைந்து, பின்னர் கருணைக்கொலை செய்யப்பட்டது. இந்த விளையாட்டில் நேரத்தை எவ்வளவு விரட்டலாம், எங்கே குதிரையின் நலன் கருதி நிதானிக்க வேண்டும் என்ற வினாவை அந்த நிகழ்வு மீண்டும் எழுப்பியது.

ஆகஸ்ட் 2 அன்று நடந்த முதல் தடை தாண்டல் சுற்றில் மிர்சாவுக்கு 8 புள்ளிகள் அபராதம் கிடைத்தது. மொத்தம் 47.20 புள்ளிகள், இடம் 25. தனிநபர் இறுதிச் சுற்றுக்கு முதல் 25 பேர் மட்டுமே தகுதி பெறுவர் என்பதால், கடைசி இடத்தைப் பிடித்து அவர் உள்ளே நுழைந்தார். இறுதிச் சுற்றில் மேலும் 12.40 புள்ளிகள் சேர, 59.60 புள்ளிகளுடன் 23-ஆவது இடத்தில் போட்டியை நிறைவு செய்தார்.

பதக்கம் முடிவாகும் இந்த இரண்டாவது தாண்டல் சுற்று 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில்தான் அறிமுகமானது. எனவே 1996, 2000 ஆகிய ஆண்டுகளில் பங்கேற்ற இந்தியர்களுக்கு அத்தகைய சுற்று இருக்கவில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த வரையறைக்குள், தனிநபர் இறுதிச் சுற்றில் ஓடிய முதல் இந்தியர் மிர்சா.

அப்போட்டியில் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி தங்கம் வென்று, தனிநபர் ஈவென்டிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் ஆனார். பிரிட்டனின் டாம் மெக்யூவன் வெள்ளியும், ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ஹோய் வெண்கலமும் பெற்றனர்.

பிரிட்டனில் நிலைமை எப்படி?

டோக்கியோவில் குழுத் தங்கத்தை வென்றது பிரிட்டன். ஆலிவர் டவுன்எண்ட், லாரா காலெட், டாம் மெக்யூவன் ஆகியோர் அந்த அணியில் இருந்தனர். 1972-க்குப் பிறகு அந்நாட்டுக்கு இப்பிரிவில் கிடைத்த முதல் குழுத் தங்கம் அது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பிரிட்டன் அதைத் தக்கவைத்தது. 2013-இல் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த லாரா காலெட், பாரிஸில் தனிநபர் வெண்கலமும் வென்றார்.

அந்நாட்டின் வலிமை தனி வீரர்களிடம் மட்டும் இல்லை. 1949-இல் தொடங்கிய பேட்மின்டன் குதிரையேற்றப் போட்டி இன்றும் உலகின் தலைசிறந்த ஈவென்டிங் போட்டிகளில் ஒன்று. அப்போட்டியில் 1973 முதல் 1984 வரை ஆறு முறை பட்டம் வென்ற பிரிட்டன் வீராங்கனை லூசிண்டா கிரீன், ஆறு முறையும் வெவ்வேறு குதிரைகளில் வென்றார். ஒரு குதிரை ஓய்வுபெறும்போது மற்றொன்று தயாராக இருக்கும் சூழல் அங்கு உள்ளது. கிராமப்புறச் சிறுவர் போட்டிகள் முதல் உயர்நிலைப் போட்டிகள் வரை ஒரே நாட்டுக்குள் படிப்படியாக ஏறிச்செல்லும் பாதையும் அங்கு உண்டு.

இந்தியாவில் அந்தப் பாதை பாதியிலேயே நின்றுவிடுகிறது. பயிற்சிப் பள்ளிகளும் தேசியப் போட்டிகளும் உள்ளன. அதற்கு மேல் ஏற விரும்பும் வீரர், மிர்சாவைப் போல நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருக்கிறது.

டோக்கியோவுக்குப் பின்

2023-ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான ஈவென்டிங் அணியில் ஆஷிஷ் லிமாயே, அபூர்வா தபாடே, விகாஸ் குமார் ஆகியோர் இடம்பெற்றனர். மிர்சா அதில் இல்லை.

அப்போட்டியில் இந்தியாவுக்கான வெற்றி வேறொரு பிரிவிலிருந்து வந்தது. அனுஷ் அகர்வாலா, ஹிருதய் விபுல் செட்டா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகியோர் டிரஸ்ஸாஜ் குழுப் பிரிவில் தங்கம் வென்றனர். 1982-க்குப் பிறகு, அதாவது 41 ஆண்டுகளுக்குப் பின்னர், ஆசிய விளையாட்டுக் குதிரையேற்றத்தில் இந்தியா வென்ற முதல் தங்கம் அது. தனிநபர் பிரிவில் அனுஷ் அகர்வாலா வெண்கலமும் பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் பிரிவில் பங்கேற்ற முதல் இந்தியர் என்ற சிறப்பையும் அவர் பெற்றார். அங்கு ஈவென்டிங் பிரிவில் இந்தியர் எவரும் களமிறங்கவில்லை.

ஹாங்சோவில் வென்றவர்களும் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்களே. ஆகவே மிர்சா தேர்ந்தெடுத்த வழி ஒரு விதிவிலக்காக நின்றுவிடவில்லை. இந்தியக் குதிரையேற்றத்தின் வழக்கமான பாதையாகவே மாறியுள்ளது. அதற்கான செலவைத் தாங்கக்கூடிய குடும்பமோ புரவலரோ இல்லாதவர்களுக்கு அந்தப் பாதை இன்னும் மூடியே உள்ளது.

மீரட்டில் ஒரு திறப்பு

இந்தியக் குதிரைகள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்வதில் நீண்டகாலமாக உள்ள தடை நோய்கள் சார்ந்தது. குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ், சர்ரா, குதிரைக் காய்ச்சல் போன்ற நோய்கள் பரவும் அபாயம் உள்ள நாடுகளிலிருந்து குதிரைகளை அனுமதிப்பதில் ஐரோப்பிய நாடுகள் கடும் கட்டுப்பாடுகளை விதிக்கின்றன. இந்தியாவில் பழக்கிய குதிரை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அதைச் சர்வதேசக் களத்துக்குக் கொண்டுசெல்வது கடினமாக இருந்தது.

இதில் 2025 ஜூலையில் ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் ராணுவப் பகுதியில் உள்ள குதிரை வளர்ப்பு மற்றும் கால்நடை மருத்துவப் படைப் பிரிவின் மையம், இந்தியாவின் முதல் நோயற்ற குதிரை வளாகமாக உலக விலங்கு நல அமைப்பால் அங்கீகரிக்கப்பட்டது. கடுமையான உயிரியல் பாதுகாப்பு விதிகளின்கீழ் இங்கு பராமரிக்கப்படும் குதிரைகள் சர்வதேசப் போட்டிகளுக்குப் பயணிக்க இது வழிவகுக்கிறது.

ஒரு வளாகத்தால் எல்லாம் மாறிவிடாது. ஈவென்டிங்குக்கு ஏற்ற குதிரைகளை வளர்ப்பதற்கும், இளம் குதிரைகளைப் பழக்குவதற்கும் பல ஆண்டுகள் தேவை. தரமான கிராஸ் கன்ட்ரி களங்களும் பயிற்சியாளர்களும் வேண்டும். ஆயினும் குதிரை இந்தியாவில் வளர்ந்து, இந்தியாவில் பயின்று, வெளிநாட்டில் போட்டியிட்டுத் திரும்பக்கூடிய ஒரு வாசல் இப்போது திறந்துள்ளது. மிர்சா தொடங்கிய காலத்தில் அந்த வாசல் இருக்கவில்லை.

முக்கிய ஆண்டுகள்

1982: டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈவென்டிங் தனிநபர், குழுப் பிரிவுகளில் இந்தியாவுக்குத் தங்கம்.

1992: பெங்களூருவில் ஃபவாத் மிர்சா பிறப்பு.

2014: இன்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பங்கேற்பு.

2018: ஜகார்த்தாவில் தனிநபர் வெள்ளி, குழு வெள்ளி.

2019: அர்ஜுனா விருது, ஒலிம்பிக் தகுதித் தரவரிசையில் முதலிடம்.

2021: டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முன்னேற்றம், 23-ஆவது இடம்.

2023: ஹாங்சோவில் டிரஸ்ஸாஜ் குழுப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம்.

2025: மீரட் மையத்துக்கு நோயற்ற குதிரை வளாகம் என்ற சர்வதேச அங்கீகாரம்.